பந்து விளையாடுனா கண்ணாலம் ஆகுமுங்களா?

கூடைப்பந்து யாரோ ஒரு மேதையின் தவத்தில் பிறந்த விளையாட்டு என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். அது ஒரு வாத்தியாரின் தலைவலியில் பிறந்தது.

1891 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. வெளியே பனி. உள்ளே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வளர்ந்த ஆம்பளைகள், எந்த உடற்பயிற்சியைச் சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை மேய்க்க முடியாமல் இரண்டு வாத்தியார்கள் ஏற்கெனவே கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக மாட்டியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற கனடாக்காரர். மேலதிகாரி லூதர் கூலிக் பதினாலு நாள் கெடு வைத்தார். கட்டடத்துக்குள்ளேயே ஆட ஒரு புது விளையாட்டு வேண்டும்; ஆடி முடித்ததும் பதினெட்டுப் பேரும் உயிரோடு இருக்கவும் வேண்டும்.

நெய்ஸ்மித் கட்டடப் பணியாளரிடம் கேட்டது இரண்டு சதுரப் பெட்டிகள். அவரிடம் இருந்தவை பீச் பழம் வந்த கூடைகள். சரி, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று அவற்றை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரம். இன்றைக்கு உலகம் முழுக்க வளையம் பத்தடியில் இருப்பதற்கு இதைவிட ஆழமான விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. பதின்மூன்று விதிகளை டைப் அடித்து ஒட்டினார்கள். அத்தனை படித்தவர்கள் இருந்தும், கூடையின் அடியை அறுத்துவிட்டால் பந்து தானே கீழே விழும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பந்து கூடைக்குள் விழும்போதெல்லாம் ஏணி. முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்ததால் ஏணிக்கு அன்று அதிக வேலை இல்லை.

பெண்கள் இந்த ஆட்டத்துக்குள் வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வருஷமாவது ஒன்றாவது. சில வாரம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த வழியாகப் போகும்போது உள்ளே கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். ஆம்பளைகள் ஒரு கூடைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். "நாங்களும் ஆடலாமா?" என்று கேட்டார்கள். நெய்ஸ்மித் மனுஷன் நல்லவர், சரி என்றார். தரையைப் பெருக்கும் பாவாடையும் புஸ்ஸென்று உப்பிய கையும் வைத்த கவுனோடு அவர்கள் ஆடினார்கள். அந்த முதல் கூட்டத்துப் பெண்களில் மாட் ஷெர்மன் என்று ஒருவர். 1894இல் அவரை நெய்ஸ்மித்தே கல்யாணம் செய்துகொண்டார்.

வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது, பாருங்கள். 'பந்து விளையாடுனா பொண்ணுக்குக் கண்ணாலம் ஆகுமா?' என்ற கேள்விக்கு, ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே மாலையும் கழுத்துமாக நின்று பதில் சொல்லிவிட்டார். ஆனால் கேள்வி சும்மா இருக்கவில்லை. கப்பலேறி, மதராஸில் இறங்கி, ரயிலேறி, போத்தனூரில் இறங்கி, நூறு வருஷத்துக்கு மேல் கொங்கு நாட்டுத் திண்ணைகளில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அது கப்பலேறுவதற்கு முன் அமெரிக்காவில் என்னென்ன சேட்டை பண்ணியது என்று பார்த்துவிடுவோம்.

நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அடுத்த வருஷமே, கொஞ்ச தூரத்திலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு அது போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவிலிருந்து சின்ன வயதில் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண். உடம்பு சரியில்லை என்பதற்காக உடற்பயிற்சி கற்கப் போய், கடைசியில் உடற்பயிற்சி ஆசிரியையே ஆகிவிட்டவர். அவருக்கு ஆட்டம் பிடித்திருந்தது. சுற்றியிருந்த டாக்டர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. எட்வர்டு கிளார்க் என்ற ஹார்வர்டு டாக்டர் 1873இலேயே ஒரு புத்தகம் போட்டிருந்தார். பெண்கள் ஆண்களைப்போல மூளையைக் கசக்கிப் படித்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. படித்தாலே இந்தக் கதி என்றால், ஓடினால்?

ஆகவே செண்டா ஒரு சமாதானத்துக்கு வந்தார். பங்காளிகள் தோட்டத்துக்கு வரப்புப் போட்ட மாதிரி ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் தங்கள் பங்கில்தான் நிற்க வேண்டும், அடுத்த பங்கில் கால் வைக்கக் கூடாது. பந்தை மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இன்னொருத்தி கையிலிருந்து பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் நல்ல குடும்பத்துப் பெண் இல்லை.

1893 மார்ச்சில் முதல் ஆட்டம். முதலாண்டுப் பெண்களும் இரண்டாமாண்டுப் பெண்களும் மோதினார்கள். ஆம்பளைகளுக்கு உள்ளே இடமில்லை, கதவைச் சாத்தியாயிற்று. செண்டா பந்தை மேலே எறிந்தார். எறிந்த வேகத்தில் முதலாண்டு அணித்தலைவியின் கையில் மோதி, அந்தப் பெண்ணின் தோள்பட்டை கழன்றுவிட்டது. பெண்களுக்கு அடிபடக் கூடாது என்று இத்தனை விதி எழுதி, முதல் நொடியிலேயே அடிபட்டது விதி எழுதியவர் எறிந்த பந்தால். தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாமாண்டு 5, முதலாண்டு 4.

இதற்கிடையே நியூ ஆர்லியன்ஸில் கிளாரா பேர் என்ற ஆசிரியை நெய்ஸ்மித்துக்குக் கடிதம் போட்டு, ஆடுகளத்தின் படம் ஒன்றை வாங்கினார். யார் எந்தப் பக்கம் நிற்பது நல்லது என்று காட்ட நெய்ஸ்மித் அதில் சில புள்ளிக்கோடுகள் போட்டிருந்தார். கிளாரா அவற்றை வேலிக்கோடுகள் என்று எடுத்துக்கொண்டு, 1895இல் விதிப்புத்தகமே அச்சடித்துவிட்டார். ஒருத்தியும் தன் கட்டத்தை விட்டு நகரக் கூடாது! இரண்டு கையாலும் பந்தை எறிந்தால் மார்பு அமுங்கிவிடும் என்று அதையும் தப்பு என்றார். ஒரு பென்சில் கோட்டைத் தப்பாகப் படித்ததற்காக அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எத்தனை பெண்கள் நின்ற இடத்திலேயே நின்று ஆடினார்களோ!

1896இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மோதின. இரண்டு பல்கலைக்கழகப் பெண்கள் அணிகள் மோதிய முதல் பெரிய ஆட்டம் அது. ஆண்களுக்கு அங்கேயும் அனுமதி இல்லை. அவர்கள் கூரைமேல் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, உள்ளேயிருந்த பெண்கள் விரட்டியடித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு 2, பெர்க்லி 1. இவ்வளவு ரகளைக்கும் விழுந்த மொத்தப் புள்ளி மூன்று. மூன்று வருஷம் கழித்து ஸ்டான்ஃபோர்டு நிர்வாகம் பெண்கள் வெளிக் கல்லூரிகளோடு அணியாக மோதவே கூடாது என்று தடை போட்டது. தோற்றவர்கள் தடை கேட்டால் அர்த்தம் உண்டு; ஜெயித்தவர்களுக்கே தடை போட்டது அந்தக் கல்லூரி.

இப்போது கேள்வி கப்பலேறுகிறது.

நம் பக்கம் இந்த ஆட்டத்தைப் பரப்பியது ஒய்.எம்.சி.ஏ.தான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் மதராஸில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் மாகாணமெங்கும் பி.டி. மாஸ்டர்கள் ஆனார்கள். விசிலும் வெள்ளை பேண்ட்டும் போட்ட அந்த இனம்தான் ஊர் ஊராகக் கம்பம் நட்டு வளையம் மாட்டியது. கொங்கு நாட்டுக்கும் அப்படித்தான் வந்தது. பின்னால் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலேயே மாருதி உடற்கல்விக் கல்லூரி என்று ஒன்று எழுந்து, பி.டி. மாஸ்டர்களை உள்ளூரிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. மில்லு, மோட்டார், பம்ப் எல்லாம் உள்ளூரிலேயே செய்து பழகிய ஊருக்கு வாத்தியார் மட்டும் எதற்கு வெளியூரிலிருந்து?

கோயம்புத்தூருக்குக் கூடைப்பந்து நன்றாகவே பிடித்துப்போனது. மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் வருஷாவருஷம் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு டெல்லி, கேரளம், ரயில்வே, ராணுவம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அணிகள் வரும். அதில் ஆண்களுக்குக் கொடுப்பது நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை. பெண்களுக்குக் கொடுப்பது சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. ஆம்பளைகளுக்கு ஒரு பெரியவர் பெயர், பெண்களுக்கு ஒரு நீரேற்றும் கம்பெனியின் பெயர். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத சீமையில், கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிற சாமானுக்குத்தான் மரியாதை அதிகம்.

ஆனால் அந்தக் கோப்பையில் ஆட ஒரு பெண் வர வேண்டுமென்றால், அதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும். எந்த வீடு என்றெல்லாம் கேட்காதீர்கள். அவிநாசியிலிருந்து தாராபுரம் வரை எல்லா வீடும்தான். பள்ளிக்கூட அணிக்குப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற சேதி வந்ததும் பெரியப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தலைமை ஏற்பார். அத்தை உறுப்பினர். அமுச்சி நிரந்தர உறுப்பினர். பி.டி. டீச்சர் சாட்சிக் கூண்டில்.

"ஏனுங் டீச்சர், அரை டவுசருதான் போடோணுமாக்கு?"

"ஆமாங்க, ஓடறதுக்கு அதுதான் தோதுங்க."

"வெயில்ல ஆடி ஆடிப் புள்ள கறுத்துப்போட்டா?" இது அத்தை.

"பொழுதோடதானுங்க ஆடறது, வெயிலு எறங்குனதுக்கு அப்பறம்."

"எக்கி எக்கி ஆடி இன்னும் ஒசந்துபோயிட்டா, அத்தன ஒசரத்துக்கு மாப்ளைய எங்க போயித் தேடறது?" இது அமுச்சி. ஊர் ஆம்பளைகளின் உயரத்தில் நிரந்தர உறுப்பினருக்கு நம்பிக்கை கிடையாது.

"வெளியூரு போனா ராத்திரித் தொணைக்கு ஆரு?"

"நானே போறனுங்க."

"உங்க தொணைக்கு ஆருங்?"

இந்த இடத்தில் டீச்சர் தத்துவம் பேசினால் தோற்றார். பெண்ணுரிமை, உடல்நலம், தன்னம்பிக்கை என்று ஆரம்பித்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அனுபவமுள்ள டீச்சர் வேறு வழியில் வருவார்.

"நல்லா ஆடுனா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு இருக்குதுங்க."

பெரியப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்துவார். "பீஸு?"

"கொறச்சுக்குவாங்க. நெறைய எடத்துல கட்டவே வேண்டாமுங்க."

"ம்ம்."

"அப்பறம் ரயில்வேல எடுத்துக்குவாங்க."

திண்ணையில் ஒரு நிமிஷம் அமைதி.

"பெர்மனெண்டுங்களா?"

"பெர்மனெண்டுதானுங்க. பிஎப்பு, ரயில் பாஸு எல்லாம் உண்டுங்க."

"பாஸு ஊட்டுல இருக்கறவீங்களுக்கும் செல்லுமுங்களா?"

அவ்வளவுதான். கமிஷன் கலைந்தது. நிரந்தர உறுப்பினர் ஏற்கெனவே காசிக்குப் போக மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த 'பெர்மனெண்டுங்களா?' என்ற கேள்வியின் அருமை தெரிய வேண்டுமென்றால் மறுபடியும் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். இந்த முறை பருத்திக்காட்டுக்கு.

மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா ஸ்டேட் என்று ஒரு கல்லூரி. 1930களின் தொடக்கத்தில் மார்கரெட் வேடு என்ற பெண் அங்கே கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. இந்த ஆட்டம் இளம்பெண்களின் உடம்புக்கு ரொம்பக் கடுமை என்று பெண்கள் அணியையே கலைத்துவிட்டார்கள். பெண்கள் என்ன செய்தார்கள்? அழுதார்கள். அழுது முடித்து, தங்கள் ஆட்டச் சீருடைகளைக் கொளுத்தினார்கள். கண்ணகிக்கு ஒரு மதுரை கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது ஒரு மூட்டைத் துணி.

நாற்பது வருஷம் போயிற்று. 1972இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அரசுப் பணம் வாங்கும் கல்விக்கூடம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது; காட்டினால் பணம் நிற்கும். பணம் நிற்கும் என்றதும் நாடெங்கும் கல்லூரிகளுக்குப் பெண்களின் உடம்பு இரும்பாகத் தெரிய ஆரம்பித்தது. 1973இல் டெல்டா ஸ்டேட் பெண்கள் அணியை மறுபடி தொடங்கியது. பயிற்சியாளராக அழைத்தது யாரை? சீருடையைக் கொளுத்திய அதே மார்கரெட் வேடை. அப்போது அவருக்கு அறுபது வயது.

அவர் அணிக்கு வந்து சேர்ந்தவர் லூசியா ஹாரிஸ். பருத்தி விவசாயக் கூலிக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. ஆறடி மூன்றங்குலம். நம் அமுச்சி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். 1975, 1976, 1977 மூன்று வருஷமும் தேசியக் கல்லூரிப் பட்டம் டெல்டா ஸ்டேட்டுக்கு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது; அந்த வரலாற்றின் முதல் கூடையைப் போட்டவர் லூசியா. 1977இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 47 புள்ளிகள். கல்லூரி வாழ்க்கை முழுவதையும் கூட்டினால் 2,981 புள்ளிகள். அதே 1977இல் என்.பி.ஏ. என்ற ஆண்கள் தொழில்முறை லீக்கின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி ஏழாவது சுற்றில் அவரைத் தேர்வு செய்தது. என்.பி.ஏ.வின் வரலாற்றில் அதிகாரபூர்வமாகத் தேர்வு செய்யப்பட்ட ஒரே பெண் இன்றுவரை அவர்தான். அவர் போகவில்லை. அப்போது கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. அதுவுமில்லாமல், ஏழடி ஆம்பளைகளோடு இடிபடுவது விளம்பரத்துக்கு உதவும், பிழைப்புக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, கல்லூரி முடிந்தது. அடுத்து? அடுத்து ஒன்றுமில்லை! ஆளுகிற அளவுக்கு ஆடிய பெண்ணுக்கு ஆட இடம் இல்லை. சின்னதாக ஒரு பெண்கள் லீக் கொஞ்ச நாள் நடந்தது. அதில் ஹூஸ்டன் அணிக்கு ஒரு பருவம் ஆடினார். பிறகு கல்லூரியில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை, பயிற்சியாளர் வேலை, பள்ளிக்கூட வேலை. பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. முதல் ஆட்டம் ஆடியது 1997இல். இருபது வருஷம் லேட். நம் ரயில்கூட அவ்வளவு லேட்டாக வந்ததில்லை.

அந்த ரயில்தான் இங்கே விஷயமே.

ரயில்வே விளையாட்டு வளர்ச்சி வாரியம் 1928இல் தொடங்கப்பட்டது. வெள்ளைக்காரன் ரயில்வேக்குப் பெண்விடுதலையில் தனி ஆர்வம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது போட்ட வழக்கம் நின்றுவிட்டது: நன்றாக ஆடுகிறவரா, வேலைக்கு எடு, ஆட்ட நாட்களில் அலுவலகத்தில் தேடாதே. இந்த ஒரே ஏற்பாட்டால் தேசியப் பெண்கள் கூடைப்பந்தில் இந்திய ரயில்வே அணி எத்தனையோ வருஷம் மற்றவர்களைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டியது. கோட்டயத்துப் பக்கத்திலிருந்து வந்த கீத்து அன்னா ஜோஸ் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, சதர்ன் ரயில்வேக்கு வந்து, ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடி, 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளில் தேர்வுக்கும் போய் வந்தார். அங்கே இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது ரயில்வே வேலை அப்படியே இருந்தது. லூசியாவுக்கு இல்லாமல் போனது அதுதான்.

இப்போது நம் ஆளுக்கு வருவோம். அனிதா பால்துரை. 1985இல் சென்னையில் பிறந்தவர். கோயம்புத்தூர்க்காரர்கள் 'மெட்ராஸ்காரியா' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்; சதர்ன் ரயில்வேக்கு ஆடியவர் என்றால் போத்தனூரிலும் உரிமை உண்டு. பள்ளியில் முதலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். பதினோரு வயதில் கூடைப்பந்துக்குத் தாவினார். அன்று வாலிபால் இழந்ததை வாலிபால்காரர்கள் இன்றுவரை கணக்கு எழுதி முடித்திருக்க மாட்டார்கள்.

பத்தொன்பது வயதில் இந்திய அணியின் கேப்டன். அந்தப் பதவிக்கு வந்தவர்களில் மிக இளையவர். பத்தொன்பது வயசுப் பெண்ணைப் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குத் தனியாக பஸ்ஸேற்ற நாலு பேர் கூடிப் பேசும் தேசம், தன் அணியை அவளிடம் கொடுத்து 'பார்த்துக்கோ அம்மிணி' என்றது. அவரும் பார்த்துக்கொண்டார். 2000களின் தொடக்கத்தில் அணிக்குள் வந்தவர், 2017 வரை ஆடினார். அதற்குள் தமிழ்நாட்டில் முதலமைச்சர் நாற்காலி எத்தனை கை மாறியது, யார் யார் தர்மயுத்தம் நடத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அனிதா மட்டும் அணியிலேயே இருந்தார். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடினார். இந்தியப் பெண்களில் அந்தக் கணக்கை முதலில் எட்டியவர். தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கம். ஒரு சராசரிக் கொங்கு வீட்டு ஷோகேஸில் முப்பது பதக்கத்தை வைக்க வேண்டுமென்றால், ஒறம்பரை வந்தால் மட்டும் எடுக்கும் பீங்கான் கோப்பைகளைக் காலி செய்தாக வேண்டும். அதைவிடப் பெரிய தியாகம் வேறில்லை.

2013இல் தோஹாவில், அணிக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் அனிதா இருந்தார். மூன்று பேர் ஆடுவதில் ஒரு வசதி: செண்டா அம்மையார் போட்ட மூன்று பங்கையும் மூன்றே பேர் சேர்ந்து மிதித்துத் தீர்த்துவிடலாம்.

இடையில் கல்யாணம். பிறகு ஒரு பையன். திண்ணைக் கமிஷன் இதற்குத்தான் காத்திருந்தது. "அதெல்லாம் கண்ணாலம் வரைக்குமுங்க; பொறவு ஆரு ஆட உடறா?" என்று நூறு வருஷமாகச் சொல்லிவரும் தீர்ப்பு கையில் தயாராக இருந்தது. அனிதா பிள்ளையைப் பெற்றுவிட்டு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுபடி அணிக்கு வந்துவிட்டார். 2017 ஜூலையில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். எதிரணி கஜகஸ்தான். 75-73. இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறியது. டாக்டர் கிளார்க் சொன்ன கர்ப்பப்பைக் கணக்கு எங்கேயோ தப்பாகிவிட்டிருக்கிறது.

முழு உண்மையையும் சொல்லிவிடுவோம். மேலே ஏறியபின் 2019இல் அதே பெங்களூரில் ஆடியபோது இந்தியப் பெண்கள் எட்டாவது இடம். மொத்தம் எத்தனை அணி? எட்டு. ஒலிம்பிக்குக்குப் பெண்கள் அணி இதுவரை போனதில்லை. 'பாத்தீங்களா, ஆம்பளைக போயிருக்காங்க' என்று யாராவது எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். 1980 மாஸ்கோவுக்கு ஆண்கள் அணி போனது, பல நாடுகள் புறக்கணித்து வராமல் போனதால் காலியான இடத்தில். அங்கே அவர்கள் எடுத்த இடம் பன்னிரண்டு. மொத்தம் எத்தனை அணி? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

2021இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கொரோனா புண்ணியத்தில் அந்த விருதுகளை அந்த வருஷம் நவம்பரில்தான் குடியரசுத் தலைவர் கையால் கொடுத்தார்கள். இந்தியக் கூடைப்பந்துக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இத்தனை நீளக் கதையில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஒருத்தர்கூட மனம் திருந்தவில்லை. டெல்டா ஸ்டேட் பெண்களின் திறமையைப் பார்த்து உருகவில்லை. பணம் நிற்கும் என்று சட்டம் வந்த மறுவருஷம் அணியைத் தூசி தட்டியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிராமங்கள் 1993 வரைக்கும் ஆறு பேர் அணியாகப் பெண்களை ஆடவிட்டு அரங்கம் நிரம்பப் பார்த்தன. அங்கேயும் பெண்ணியம் ஒன்றும் பொங்கவில்லை, பக்கத்து ஊரை ஜெயிக்க வேண்டும் என்ற ரோசம்தான் பொங்கியது. நம் பெரியப்பாவுக்கு அரை டவுசர் இன்றைக்கும் பிடிக்காது. பெர்மனெண்ட் வேலை பிடிக்கும். கண்ணியத்தைப் பற்றிய கொள்கையும் சம்பளத்தைப் பற்றிய கொள்கையும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதை 1891க்கு அப்புறம் நடந்த எல்லா ஆட்டமும் சொல்லிவிட்டது.

இதைக் கேட்டு முற்போக்காளர்கள் வருத்தப்படுவார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் வருத்தப்பட மாட்டார்கள். ஊரே கணக்கு நோட்டில் கட்டப்பட்டது. இங்கே யாரையும் உபதேசத்தால் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. வரவு செலவைக் காட்டி மாற்றியதாக நிறைய உண்டு. பெண்கள் கோப்பைக்குப் பெயர் கொடுக்கக் கம்பெனி முன்வருகிற ஊர் இது. மில்லும் பம்ப்பும் வார்ப்படமும் கல்லூரிகளுமாக நிறைந்த ஊர். கோப்பையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு பெண்களுக்கு வேலை கொடுத்து ஆடவிட்டால், திண்ணைக் கமிஷன்கள் எத்தனை வேகமாகக் கலையும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அந்த வேலை முழுவதையும் ரயில்வேயின் தலையில் கட்டிவிட்டு, இந்திய அணி ஏன் எட்டாவது வந்தது என்று டீக்கடையில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை கோப்பையோடு நிற்கும் பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தி, 'பெண்கள் நாட்டின் கண்கள்' என்று மைக்கில் முக்கால் மணி நேரம் பேசப்போகும் சிறப்பு விருந்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சைக் குறைத்துக்கொண்டு, பொன்னாடைக்கு அடியில் ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை வைத்துக் கொடுங்கள். பெரியப்பாவின் மனசு மாறுவது அப்புறம் மெதுவாக மாறிக்கொள்ளட்டும். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.